முட்டுக்கட்டையும் வெற்றிடமும்

காட்டுப்பள்ளி என்றதும் இன்று நினைவுக்கு வருவது துறைமுகம்தான். கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே நீண்டு கிடக்கும் அந்த மணல்திட்டில் 2013இல் சரக்குத் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. அதற்குத் தெற்கே, 2001இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் 2014 முதல் காமராஜர் துறைமுகம் என்ற பெயரோடு விளங்குகிறது. சென்னையைச் சுற்றியுள்ள ஆலைகளில் உருவாகும் கார்கள் அங்கிருந்து கப்பலேறுகின்றன. அவற்றில் எதை எடுத்துக்கொண்டாலும் பிரேக் பெடலைப் பாதத்தால் மெல்ல அழுத்தினால் போதும், வண்டி நின்றுவிடும். ஆனால் இதே கழிமுகத்துக்குத் தென்புறம், எண்ணூரில், 1949இல் முதல் கார் பூட்டி முடிக்கப்பட்டபோது நிலைமை வேறு. அந்தக் காரை நிறுத்த, ஓட்டுநர் தம் காலின் வலிமை ஒன்றையே நம்பவேண்டியிருந்தது.

இந்த இரண்டு கார்களுக்கும் இடையிலான வேறுபாட்டைச் சுமந்து நிற்பது ஒரு தகர உருளை. மெக்கானிக்குகள் அதை பூஸ்டர் என்பார்கள். சர்வோ என்றும் பவர் பிரேக் என்றும் சொல்வதுண்டு. பழைய கார்களைப் பேணுவோரிடையே அந்த உருளையைப் பற்றி ஒரு வழக்கு நெடுநாளாக இருந்துவருகிறது. பிறந்தபோது இல்லாத ஓர் உறுப்பைப் பழைய காரில் பொருத்தலாமா? பொருத்தினால் அது பழைய கார்தானா? இவ்வினாவுக்கு விடை தேடுமுன், நிறுத்துதல் என்னும் கலை நம் மண்ணில் எப்படி வளர்ந்தது என்பதைச் சற்றுப் பார்த்துவிடலாம்.

தமிழில் மிகப் பழைய பிரேக்கின் பெயர் முட்டுக்கட்டை. இன்று அச்சொல்லை இடையூறு என்ற பொருளில்தான் பெரும்பாலும் ஆள்கிறோம்; ஒரு நற்பணியைத் தடுப்பவரைப் பார்த்து முட்டுக்கட்டை போடுகிறார் என்று கடிந்துகொள்கிறோம். தேரோட்டத்தில் அச்சொல்லுக்கு இருக்கும் மதிப்பே வேறு. வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கலாம். ஆனால் ஓடும் சக்கரத்தின் அருகே குனிந்து, உரிய கணத்தில், உரிய கோணத்தில் மரக்கட்டையைச் செருகுபவர்கள் சிலரே. தேரை நிறுத்துவதும் அவர்கள்தாம், வீதி முனையில் திருப்புவதும் அவர்கள்தாம். திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் பிரம்மோற்சவத்தில் தேரோட்டம் கண்டவர்களுக்கு இது புதிதன்று.

முட்டுக்கட்டையில் ஒரு நுட்பம் இருக்கிறது. கட்டையைப் போடுபவர் தேரின் பாரத்தை எதிர்த்துத் தள்ளுவதில்லை. அவரால் அது முடியவும் முடியாது. ஆப்பு வடிவக் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் வைக்கிறார், அவ்வளவே. தேர் தன் பாரத்தாலேயே கட்டையின்மேல் ஏறி, அதை இறுக்கி, தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. ஓடும் பொருளின் விசையையே அதை நிறுத்தப் பயன்படுத்துவது என்னும் இந்தத் தத்துவம் மோட்டார் வண்டிக்கும் வந்து சேர்ந்தது.

பழைய கார்களின் டிரம் பிரேக்கைக் கழற்றிப் பார்த்தவர்கள் அறிவார்கள். சக்கரத்தோடு சுழலும் இரும்புக் கிண்ணத்துக்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் இருக்கும். பெடலை அழுத்தியதும் அவை விரிந்து கிண்ணத்தின் உட்சுவரை உரசும். உரசிய கணத்திலேயே, சுழலும் கிண்ணம் முன்ஷூவைத் தன்னோடு இழுத்துச் செல்லப் பார்க்கிறது. ஷூவின் ஒரு முனை நிலையாகப் பொருத்தப்பட்டிருப்பதால் அது மேலும் சுவரில் அழுந்தி இறுகுகிறது. ஓட்டுநர் கொடுத்தது சிறிதளவு விசை. மீதியைச் சக்கரமே கொடுத்துவிடுகிறது. தேர்ச்சக்கரம் முட்டுக்கட்டையை இறுக்குவதும் இதுவும் ஒன்றுதான். பவர் பிரேக் இல்லாமல் கார்கள் பல்லாண்டுக் காலம் ஓட முடிந்தமைக்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

எண்ணூர்க் கதைக்கு வருவோம். நேருவின் தூண்டுதலால் மோட்டார்த் தொழிலில் இறங்கிய ரகுநந்தன் சரண், 1948 செப்டம்பரில் தம் மகன் அசோக்கின் பெயரில் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். இங்கிலாந்திலிருந்து உதிரிகளாக வந்த ஆஸ்டின் ஏ40 கார்கள் எண்ணூரில் பூட்டப்பட்டன. 1200 சிசி எஞ்சின், ஏறத்தாழ 40 குதிரைத்திறன். அக்கால அளவில் அடக்கமான குடும்பக் கார். அதன் பிரேக், கெர்லிங் நிறுவனத்தின் அமைப்பு. முன்சக்கரங்களுக்கு ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தம். பின்சக்கரங்களுக்கு இரும்புக் கம்பிகளும் நெம்புகோல்களும். பாதி பழைய காலம், பாதி புதிய காலம். நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் அழுத்தம் என்பது 1952இல் வந்த அடுத்த வடிவமான சாமர்செட்டில்தான் நிறைவேறியது. எதிலும் உதவி விசை கிடையாது.

உதவி விசை அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கு 30 ஆண்டுகள் முன்பே, 1919இல், ஹிஸ்பானோ-சுய்சா நிறுவனம் தன் எச்6 காரில் கியர்பெட்டியின் சுழற்சியையே பிரேக்குக்கு உதவியாக்கியிருந்தது. ஓட்டுநர் பெடலைத் தொட்டால், ஓடும் வண்டியின் வேகத்திலிருந்தே விசை எடுக்கப்பட்டு நான்கு சக்கரங்களுக்கும் பிரிந்து செல்லும். ரோல்ஸ்-ராய்ஸ் அந்த முறையை உரிமம் பெற்றுத் தன் கார்களில் கையாண்டது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் டெவாந்த்ர் 1920களில் வேறொரு வழியைக் கண்டார். எஞ்சின் மூச்சிழுக்கும்போது அதன் உறிஞ்சு குழாயில் உண்டாகும் வெற்றிடத்தை ஓர் உருளைக்குள் கொண்டுவந்து, பிரேக்கை இழுக்கச் செய்தார். 1928இல் அமெரிக்காவின் பியர்ஸ்-ஆரோ கார்களில் இவ்வகை வெற்றிட உதவி இடம்பெற்றது. ஆக, பவர் பிரேக் முதலில் செல்வர்களின் கார்களுக்கு வந்தது. 40 குதிரைத்திறன் ஆஸ்டினுக்கு அது தேவை என்று எவரும் கருதவில்லை.

வெற்றிடத்தால் வண்டியை நிறுத்துவது நம் பகுதிக்கு அந்நியமான செய்தியன்று. 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாக வாலாஜா சாலைக்குச் சென்ற தென்னிந்தியாவின் முதல் ரயிலை நிறுத்தியது மனிதர்கள் கையால் திருகிய பிரேக். பிற்காலத்தில் வெற்றிடப் பிரேக் வந்து, இந்திய ரயில்களில் பல தலைமுறைகள் ஆட்சி செய்தது. எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டிவரை ஓடும் குழாயில் பாதரச அளவில் ஏறத்தாழ 53 சென்டிமீட்டர் வெற்றிடம் நிலைநிறுத்தப்படும். குழாயில் காற்று புகுந்தால் பிரேக் பிடிக்கும். அபாயச் சங்கிலியை இழுத்தால் ரயில் நின்றதன் மர்மம் இதுதான்: இழுத்தவர் ரயிலை நிறுத்தவில்லை, வெளிக்காற்றுக்குக் கதவைத் திறந்துவிட்டார். 1980களிலிருந்து படிப்படியாக அழுத்தக் காற்றுப் பிரேக் அதன் இடத்தைப் பிடித்தது.

காரின் பூஸ்டரும் அதே காற்றைத்தான் நம்புகிறது. தகர உருளையை நடுவில் ஒரு ரப்பர்த் திரை இரண்டாகப் பிரிக்கிறது. பெடலைத் தொடாதபோது இரு பக்கமும் வெற்றிடம், திரை அசையாது. பெடலை அழுத்தினால் ஒரு வால்வு திறந்து பெடல் பக்கத்து அறைக்குள் வெளிக்காற்று நுழைகிறது. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் வெற்றிடம். திரை முன்னோக்கித் தள்ளப்பட்டு, அதனோடு மாஸ்டர் சிலிண்டரின் தண்டும் தள்ளப்படுகிறது. கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கும். 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள திரையின் பரப்பு ஏறத்தாழ 254 சதுர சென்டிமீட்டர். நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் எஞ்சின், ஆக்சிலேட்டரை அழுத்தாமல் ஓடும்போது, பாதரச அளவில் 45 முதல் 50 சென்டிமீட்டர் வெற்றிடம் தரும். வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று கொண்டால், திரையின்மேல் விழும் விசை ஏறத்தாழ 175 கிலோ. இரண்டு ஆள் எடைக்கும் மேலான பாரத்தைக் கண்ணுக்குத் தெரியாத காற்று நமக்காகத் தூக்கி வைக்கிறது.

ரயிலுக்கும் காருக்கும் ஒரு முக்கியமான வேறுபாடும் உண்டு. ரயிலில் வெற்றிடம் போனால் பிரேக் பிடித்துக்கொள்ளும். காரில் வெற்றிடம் போனால் உதவி மட்டும்தான் போகும். பெடலும் எண்ணெயும் இருக்கின்றன, ஆனால் காலுக்குத் திடீரென்று பெடல் கல்லாகத் தோன்றும். உருளையின் வாயிலிலுள்ள ஒருவழி வால்வு, எஞ்சின் நின்ற பிறகும் இரண்டு மூன்று அழுத்தங்களுக்குப் போதுமான வெற்றிடத்தைச் சேமித்து வைக்கிறது. இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை உருட்டும் சிக்கனக்காரர்கள் நினைவில் கொள்ளவேண்டிய செய்தி இது.

இத்தனை எளிய கருவி நம் நாட்டுக் கார்களுக்கு ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது? விடையின் ஒரு பகுதி எண்ணூரிலேயே இருக்கிறது. 1953இல் மத்திய அரசு, உதிரிகளைப் பூட்டுவதோடு நிற்கும் நிறுவனங்களை விடுத்து, உள்நாட்டில் படிப்படியாக உற்பத்தி செய்ய முன்வரும் நிறுவனங்களையே ஆதரிப்பதென முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்சும் நாட்டைவிட்டு வெளியேறின. லேலண்ட் காமெட் லாரிகளை 1951 முதலே பூட்டத் தொடங்கியிருந்த எண்ணூர் ஆலை, காரைக் கைவிட்டுக் கனரக வாகனத்தைப் பற்றிக்கொண்டது. 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. கார்ச் சந்தையில் மிஞ்சியவை மூன்று நிறுவனங்களே. வாங்குவோர் ஆண்டுக்கணக்கில் வரிசையில் காத்திருந்தார்கள். கேட்காமலே விற்றுப்போகும் பண்டத்தில் புதிதாக ஒன்றைச் சேர்க்க யாருக்கும் அவசரமில்லை. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த அம்பாசிடர், நான்கு டிரம் பிரேக்குகளோடு தலைமுறைகளைக் கடந்தது.

இதில் ஒரு நகைமுரண் இருக்கிறது. 1962இல், சென்னையிலிருந்து திருவள்ளூர் செல்லும் சாலையிலுள்ள பாடியில், டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூக்காஸ் குழுமமும் கூட்டாக பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. சம்பந்தர் பாடிய திருவலிதாயம் அமைந்த அதே பாடிதான். லூக்காஸின் வழியாக கெர்லிங் என்ற பெயரும் உடன் வந்தது. எண்ணூர் ஆஸ்டினின் பிரேக்கில் இருந்த அதே பெயர். இங்கிலாந்தில் அதே கெர்லிங், சிறிய கார்களிலும் பொருத்தத்தக்க பவர்ஸ்டாப் என்னும் பூஸ்டரை விற்றுக்கொண்டிருந்தது. தொழில்நுட்பத்தின் உரிமையாளர் நம் வாசலுக்கு வந்துவிட்டார். ஆனால் அந்தத் தொழில்நுட்பத்தைக் கேட்கும் கார் நம்மிடம் இல்லை.

உலகின் பிற பகுதிகளில் அந்தத் தேவையை உண்டாக்கியது டிஸ்க் பிரேக். 1953இல் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் கார்கள் லமான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றன. 1955இல் சித்ரோயன் டிஎஸ் முன்சக்கர டிஸ்க்கோடு, முழுவதும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கையும் கொண்டுவந்தது. டிஸ்க் சூடேறித் தளராது, மழையில் சறுக்காது. ஆனால் டிரம்முக்கு இருக்கும் அந்தத் தானே இறுகும் குணம் அதற்குக் கிடையாது. முட்டுக்கட்டையின் உதவி போய்விட்டது. அந்த இடத்தை வேறொன்று நிரப்பியாக வேண்டும். வெற்றிட பூஸ்டர் சாதாரணக் கார்களுக்கு இறங்கிவந்தது இதனால்தான். டிஸ்க்கும் பூஸ்டரும் அக்காள் தங்கை போல ஒன்றாகவே வளர்ந்தன. நம் ஊர்க் கார்களில் அவை பரவலானதும் 1980களுக்குப் பிறகு, ஒன்றாகவேதான். சித்ரோயன் கார்கள் இன்று திருவள்ளூரில், முன்பு இந்துஸ்தான் மோட்டார்ஸுக்குச் சொந்தமாக இருந்த ஆலையில் உருவாகின்றன என்பதையும் இங்கே குறிப்பிட்டுவைக்கலாம்.

இனி, பழைய காரில் பூஸ்டர் பொருத்தும் வேலைக்கு வருவோம். பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே உருளையை நுழைக்கப் பெரும்பாலான பழைய கார்களில் இடமிருக்காது. அம்பாசிடர் போன்றவற்றில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தளத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும். ஆகவே பூஸ்டரைத் தனியாக எஞ்சின் அறையில் ஓரிடத்தில் பிணைத்து, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரங்களுக்குச் செல்லும் எண்ணெய்க் குழாயை அதன் வழியே திருப்பிவிடுவது வழக்கம். எஞ்சினின் உறிஞ்சு குழாயிலிருந்து ஒருவழி வால்வோடு ஒரு தடித்த ரப்பர்க் குழாய் வரும். டீசல் எஞ்சினுக்கு மாற்றப்பட்ட கார் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. டீசல் எஞ்சினில் காற்றை நெரிக்கும் தகடு இல்லாததால் வெற்றிடம் தானாக உண்டாவதில்லை. அதற்கெனத் தனி பம்பு வேண்டும். வேலை முடிந்ததும் சோதிப்பது எளிது. எஞ்சினை நிறுத்தி, பெடலை நாலைந்து முறை அழுத்திச் சேமிப்பைக் காலிசெய்து, அழுத்தியபடியே எஞ்சினை இயக்க வேண்டும். பெடல் காலுக்கடியில் சற்றே தாழ்ந்தால் காற்று வேலைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

இங்கேதான் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. பூஸ்டர் பிரேக்கைச் சிறப்பாக்குவதில்லை. ஓட்டுநரின் காலைத்தான் வலுவாக்குகிறது. தேய்ந்த லைனிங், முட்டை வடிவமாகிவிட்ட டிரம், வெடிப்பு விட்ட ரப்பர்க் குழாய், துருவேறிய சிலிண்டர் எதையும் அது சரிசெய்யாது. இடப்பக்க ஷூ வலப்பக்கத்தைவிடச் சற்று முந்திப் பிடித்தால், அந்தப் பிழையையும் அது பெருக்கிக் கொடுக்கும். தானே இறுகும் டிரம்மின் மீது உதவி விசையும் சேரும்போது ஈரச் சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்ளும் வாய்ப்பு மிகும். டயருக்கும் தாருக்கும் இடையிலுள்ள பிடிப்பைத் தாண்டி எந்த பூஸ்டராலும் வண்டியை நிறுத்த முடியாது. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ப் பாதை உள்ள பழைய கார்களில், ஒரு குழாய் வெடித்தால் எல்லாமே போய்விடும். அத்தகைய காரில் பாதையை இரண்டாகப் பிரிக்கும் மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டரைவிட முந்தித் தேவைப்படுவது என்பது நம் கருத்து.

இவ்வளவு தொல்லை எதற்கு, பழையதைப் பழையபடியே விட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரு பழைய கார் என்பது அக்காலத்து மனிதர்களின் உடலைப் பற்றிய ஆவணமும்கூட. எண்ணூர் ஆஸ்டினின் பெடலை மிதிக்கும்போதுதான், 1949இல் கார் ஓட்டியவரின் கால் எவ்வளவு உழைத்தது என்பது நமக்குப் புரிகிறது. எவ்வளவு தொலைவுக்கு முன்பே அவர் எச்சரிக்கையானார், சாலையை எப்படி வாசித்தார் என்பதெல்லாம் அந்தக் கனத்த பெடலில் எழுதப்பட்டிருக்கின்றன. பூஸ்டர் பொருத்தினால் அந்த எழுத்து அழிந்துபோகும்.

ஆனால் அந்த ஓட்டுநர் ஓட்டிய சாலை இன்று இல்லை. 2019 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் புதிய கார்கள் அனைத்துக்கும் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பு கட்டாயம். முன்னால் செல்லும் அத்தகைய கார் சட்டென்று நின்றுவிடும். பின்னால் வரும் பழைய கார் நிற்காது. அதற்கும் பின்னால் காட்டுப்பள்ளியிலிருந்து கண்டெய்னர் ஏற்றிய லாரி வந்துகொண்டிருக்கும். 1949இன் பிரேக்கை அருங்காட்சியகத்தில் காக்கலாம். பொன்னேரிச் சாலையில் அதன் விலையைக் கொடுப்பவர் ஓட்டுநர் மட்டுமல்லர், குறுக்கே நடக்கும் பள்ளிப் பிள்ளையும்தான்.

சட்டமும் இவ்விரு பக்கங்களுக்கும் நடுவே நிற்க முயல்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. முதற்பதிவுக்குப் பின் 50 ஆண்டுகள் கடந்து, அசல் வடிவில் பேணப்பட்டு, அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் காணாத வண்டிகள் அதில் அடங்கும். அவற்றுக்கு வி.ஏ. என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் உண்டு. கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே அவை சாலைக்கு வரலாம். மாற்றக் கூடாதவற்றைச் சொல்லும் அந்த வரி பிரேக்கின் பெயரைக் குறிப்பிடவில்லை. அடிச்சட்டத்தில் துளையிடாமல், ஏற்கெனவே உள்ள துளைகளில் பிணைத்து, கழற்றிய பழைய குழாய்களைப் பெயரெழுதிப் பத்திரப்படுத்தி, எப்போது வேண்டுமானாலும் முன்னிருந்தபடி திருப்பக்கூடியதாகச் செய்யப்படும் பூஸ்டர், அந்த விதியின் எழுத்தோடு மட்டுமன்றி அதன் கருத்தோடும் முரண்படவில்லை என்றே நமக்குப் படுகிறது.

இவ்வகையில் நமக்கு முன்மாதிரி வெளிநாட்டுக் கார்ச் சங்கங்களில் இல்லை, திருவாரூரில் இருக்கிறது. 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் கொண்ட ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் பொருத்தியது. அதனால் அது ஆழித்தேர் அல்லாமல் போய்விட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. வடம் அதே வடம், வீதி அதே வீதி. முட்டுக்கட்டை போடுபவர்களும் இன்னும் சக்கரத்தின் அருகே குனிந்தபடிதான் செல்கிறார்கள். திருப்பங்களில் தேர் இன்றும் அவர்கள் சொல்லைத்தான் கேட்கிறது. புதியது வந்து பழையவருக்குத் துணை நின்றது, அவர் இடத்தைப் பறிக்கவில்லை.

பழைய காருக்குச் செய்யும் உதவியும் அவ்விதமே அமையவேண்டும். அதன் உலோகத்தை வெட்டாமல், அதன் குணத்தை மறைக்காமல், ஓட்டுநரின் கவனத்துக்கு ஈடாக அல்லாமல் துணையாக மட்டும் நிற்கவேண்டும். தேர் நிலைக்கு வந்து சேர்ந்தால்தான் திருவிழா நிறைவுற்றதாக நம்மவர் கொள்வார்கள். ஓடியது எவ்வளவு அழகு என்பதோடு, ஒருவருக்கும் ஊறின்றி நின்றது என்பதையும் சேர்த்தே அவர்கள் பெருமையாகப் பேசினார்கள்.